நூர்தினின் கடவுச்சொல்

இறந்துபோன நூர்தினின் நாற்பதாம் நாள் விருந்தில் வைக்க அவனுடைய நல்ல படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. எல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில். கடவுச்சொல்லோ அவனோடு போய்விட்டது. அவன் மனைவி புருல்சுன் பிஷ்கெக் நகரத்து ஆபீஸுக்கே வந்துவிட்டாள்.

“கவலைய விடுங்க அண்ணி,” என்றான் அவனோடு வேலை பார்த்த உலான். “கடவுச்சொல்ல ஒளிச்சு வைங்கடான்னு எங்களத்தான் திட்டுவாரு. அவரு மட்டும் தெனம் காலைல தன் பேரையும் கடவுச்சொல்லையும் தட்டித்தான், சர்வர் ஆள உள்ள விடுதான்னு சோதிப்பாரு. தட்டினதெல்லாம் இந்த சர்வர் திரைல அப்படியே இருக்கும்.”

மேல் அம்புக்குறியை அழுத்தினான். கறுப்புத் திரையில் பழைய வரி வந்து நின்றது. முதலில் நூர்தின், அடுத்தது சல்தனாத். பெண்ணின் பெயர்! உலான் சட்டென்று உள்ளங்கையால் திரையை மறைத்தான். அதற்குள் அவள் படித்துவிட்டாள்.

“அது... பழைய மிஷின் பேரு அண்ணி.”

“ஒனக்கு ஒழுங்கா பொய்கூட சொல்ல வரல தம்பி.”

அவன் கையை விலக்கிவிட்டு அந்தப் பெயரை விரலால் தொட்டாள்.

“என் வயித்துலயே செத்துப்போன பொண்ணுக்கு நாங்க யோசிச்சு வச்சிருந்த பேரு. அதுக்கப்புறம் அவரு ஒரு நாள்கூட வாய்விட்டுச் சொன்னதில்ல. மறந்துட்டாருன்னு, பதினோரு வருஷமா நான் அவர்கிட்ட முகங்குடுத்துப் பேசல.”