பல்லுக்குக் கறுப்பு

கோட்டைக்குள் பெண்கள், பிரபுவுக்குக் காட்டுவதற்காக எதிரிகளின் வெட்டுண்ட தலைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தான் வெட்டிய தலையை மனைவி நுயியிடம் கொடுத்துவிட்டு ஜின்னாய் நிலைகொள்ளாமல் நடந்தான்.

“பல்லுக்குக் கறுப்பு பூசிடு நுயி. பெரிய குடும்பத்து ஆளுங்கதானே பல்லைக் கறுப்பாக்கிக்குவாங்க. இவனும் அப்படின்னு பிரபு நம்பிட்டா எனக்குப் பதவி.”

போன போரில் இதையே கேட்டபோது, “இந்தப் பித்தலாட்டத்துக்கு நான் ஆளில்லை” என்று திட்டியவள், இன்று சேற்றைத் துடைத்து, முடியை வாரி, கறுப்பு பூசினாள்.

பிரபு நம்பிவிட்டார். “மத்த தலைகளைக் குழியில போடுங்க. இவனை மரியாதையா அவன் வீட்டுக்கு அனுப்புங்க.”

ஜின்னாய் ஓடிவந்தான். “மாட்டிக்கிட்டோம்டி. பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. எங்கே அனுப்புறது?”

நுயி நிமிரவில்லை.

“மலைக்கு அந்தப் பக்கம், எங்கம்மா வீட்டுக்கு. நீங்க இதுவரைக்கும் பார்க்காத உங்க மச்சினன்தான் இவன்.”