ஈரோட்டுக் கண்ணீர்

சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு செல்வராஜ் முழுநேரமும் நாடகம் போடப் போகிறான் என்று கேள்விப்பட்டு, ஈரோட்டிலிருந்து டல்லாஸ் வந்து இறங்கிய அம்மா அழுகையை நிறுத்தவே இல்லை.

“கிரீன் கார்டு வந்த கையோட வேலைய விட்டுப்போட்டியே கண்ணு! ஊருக்குள்ள நான் எப்படித் தலை நிமிந்து நடக்கறது?” என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சரிந்தாள்.

செல்வராஜ் பயந்துபோனான்.

“அழாதீங்கம்மா. எனக்கு நாடகமே வேண்டாம். மேனேஜருக்கு இப்பவே போன் பண்ணி, திரும்ப வர்றேன்னு சொல்லிடறேன்.”

அழுகை சட்டென்று நின்றது. அம்மா பாய்ந்து வந்து போனைப் பிடுங்கினாள்.

“காரியத்தையே கெடுத்துப்போடுவே போலிருக்கே! உன் நாடகத்துல மாமியார் வேசத்துக்கு நல்லா அழுகறதுக்கு ஆளில்லைன்னு உன் பொண்டாட்டிதான் சொன்னா. நான் அழுதது போதுமா, இன்னும் கொஞ்சம் அழுகட்டுமா?”