ஜல்தாராவின் குழாய்

“போய்க் குழாயை மூடுடி.”

“எப்படிம்மா? அவர் இன்னும் காலைக் கழுவிட்டு இருக்காரு. ‘போதும் மாமா’ன்னு சொல்லட்டுமா?”

அடுப்படியில் அம்மாவும் நானும் கிசுகிசுத்தோம். முற்றத்தில், அண்ணனுக்குப் பேசும் பெண்ணின் மாமா பிஷன் சிங் ஒரு காலை முடித்து மறு காலுக்குப் போயிருந்தார். தண்ணீர் கல்தரையில் ஓடிக் கோழிகளை விரட்டியது.

திவான் அண்ணனுக்கு வந்த மூன்றாவது சம்பந்தம் இது. முதல் இரண்டும் ஊரின் பெயரைக் கேட்டதுமே நின்றுபோயின.

நிர்பானி. தண்ணீர் இல்லாத இடம் என்று அர்த்தம். எந்த அம்மா அங்கே பெண் கொடுப்பாள்?

ஊரே சேர்ந்து மனுப் போட்டுப் பெயரை மாற்றியது. இப்போது சாலையோரப் பலகையில் ஜல்தாரா, அதாவது நீரோட்டம், என்று இருக்கிறது. பெயரோடு குழாயும் வந்தது. தண்ணீர்தான் வரவில்லை.

இன்று வருகிறது. விடியும் முன்பே அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் பள்ளத்து ஊற்றிலிருந்து சுமந்து வந்து கூரைமேல் தொட்டியை நிரப்பியிருந்தோம்.

“எங்க ஊர்ல என்ன கேலி தெரியுமா?” பிஷன் சிங் சத்தமாகச் சிரித்தார். “‘நிர்பானிக்கா மாப்பிள்ளை பாக்கப் போறீங்க? பாட்டில்ல தண்ணி எடுத்துட்டுப் போங்க’ன்னாங்க. இங்க பாத்தா கங்கையே ஓடுது!”

அண்ணனும் சிரித்தான். கண் மட்டும் குழாயிலேயே இருந்தது. தண்ணீர் மெலியத் தொடங்கியிருந்தது.

ஓடிப்போய்த் துண்டை நீட்டினேன். அவர் முகம் துடைக்கும் நேரத்தில் குழாயை மூடினேன்.

பெண்ணின் அம்மா ஹன்சா குழாய்ப் பக்கமே வரவில்லை. கொடுத்த செம்பில் ஒரு வாய் குடித்தார். மீதியைக் கொட்டாமல் துளசிக்கு ஊற்றினார். ஏனோ அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒருவழியாகப் பேச்சு முடிந்தது. இனி இரண்டு அம்மாக்களும் ஒருவர் நெற்றியில் மற்றவர் குங்குமமும் அரிசியும் வைக்கவேண்டும். வைத்துவிட்டால் நிச்சயம்.

ஹன்சா முதலில் எழுந்தார். வழக்கப்படி இடது கையால் அம்மாவின் தலையைப் பிடித்தார். முக்காடு நழுவியது.

கை அங்கேயே நின்றது.

அம்மாவின் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு முடி கிடையாது. குடம் தேய்த்த இடம். இங்கே எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் என்பதால் அதை மறைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. காலையில் சிந்திய ஈரம்கூட இன்னும் காயவில்லை.

அண்ணன் தரையைப் பார்த்தான்.

ஹன்சா தன் முக்காட்டைப் பின்னால் தள்ளினார். வகிடு இருக்கவேண்டிய இடத்தில் அதே வழுக்கை.

குங்குமம் தோய்ந்த கட்டைவிரல் அம்மாவின் நெற்றியைத் தொடாமல் நின்றது.

“அக்கா,” என்றார் மெதுவாக. “என் பொண்ணு தண்ணி சுமக்கப்போற வழிய நான் ஒரு தடவை நடந்து பாக்கணும். இப்பவே என்னைக் கூட்டிட்டுப் போங்க.”