எப்படிக் கழற்றுவான்?

கிரஹாம் நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது.

தியோடர் கை கொடுக்கவில்லை. வலது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்தபடியே, தலையை மட்டும் லேசாக ஆட்டினார்.

லண்டனிலிருந்து வந்திருந்த கிரஹாம் ஒரு நொடி திகைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே அடுத்தவரிடம் நகர்ந்தார்.

மாதாப்பூரில் இருந்த அந்த அனிமேஷன் ஸ்டூடியோவில் அன்று குடும்ப விழா. ஊழியர்கள் எல்லோரும் பெற்றோரை அழைத்து வந்திருந்தார்கள்.

"யாருங்க அந்தப் பெரியவர்?" சுபாஸ்ரீ கணவனின் காதைக் கடித்தாள்.

"நம்ம இவானோட அப்பா. திருமுல்கேரியில வீடு. மூணு தலைமுறையா இந்த ஊர்தான்" என்றான் வெங்கட்.

"கை குடுக்கலைன்னா போகுது, ரெண்டு கையையும் சேத்து ஒரு கும்பிடாவது போடலாம்ல? என்ன திமிரு!"

"அதுவும் இன்னிக்குப் போய்! கிரஹாம்தான் புதுத் தொடருக்குத் தலைமை ஓவியரைத் தேர்ந்தெடுக்கப் போறார். ரெண்டு வருஷம் லண்டன். இவானா, தினேஷான்னு இன்னும் அரை மணியில தெரிஞ்சிடும்."

விளக்குகள் அணைந்தன. திரையில் இவானின் படங்கள் ஓடின.

வானத்தில் பித்தளைக் கப்பல்கள். தெருவெங்கும் குழாய்கள், பல்சக்கரங்கள். நடக்கும்போதே புகை விடும் இரும்புக் குதிரை.

"இதென்ன, அந்தக் காலமா, வரப்போற காலமா?"

"ரெண்டும்தான். இதுக்கு ஸ்டீம்பங்க்னு பேரு. கரண்டே கண்டுபிடிக்காம, எல்லாமே நீராவியில ஓடினா உலகம் எப்படி இருக்கும்னு ஒரு கற்பனை."

"அழகா இருக்கு. அழுக்குகூட அழகா இருக்கு!"

கதாநாயகன் வந்தான். முழங்கைக்குக் கீழே அவனுக்குப் பித்தளைக் கை. தோல் வார்களால் இறுக்கிக் கட்டியிருந்தது. முதுகு வழியாக ஒரு கம்பி போயிற்று. தோளைக் குலுக்கினால் விரல்கள் மூடின.

அரங்கமே கை தட்டியது.

"அபாரம்!" கிரஹாம் எழுந்தே விட்டார். "இந்தக் கையை எங்கே பார்த்தீர்கள்?"

மேடையில் நின்ற இவான் முன்வரிசையை ஒருமுறை பார்த்தான்.

"எங்கேயும் இல்லை சார். முழுக்க என் கற்பனை."

"நிறையப் பேர் அழகுக்காக நாலு சக்கரத்தை ஒட்டி வைப்பார்கள். உங்கள் கை உண்மையிலேயே வேலை செய்யும்போல இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன். பக்கிள் முழங்கைக்கு மேலே இருக்கிறது. வாரோ இறுக்கம். மிச்சமிருக்கும் ஒரே கையால் வாரையும் இழுத்து, முள்ளையும் எடுக்க முடியாது. வீட்டுக்குப் போனதும் இந்தக் கையை எப்படிக் கழற்றுவான்?"

இவான் யோசிக்கவே இல்லை.

"அவன் மனைவி கழற்றி விடுவாள் சார்."

கிரஹாம் காகிதங்களைப் புரட்டினார். "மனைவிதான் முதல் காட்சியிலேயே இறந்து போகிறாளே?"

சிலர் சிரித்தார்கள்.

"அது... வேற யாராவது..."

"வீட்டில் அவன் தனி ஆள். நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்."

இவான் திரையைத் திரும்பிப் பார்த்தான். முன்வரிசையில் தியோடர் சட்டென்று முன்னால் சாய்ந்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார்.

இவான் அவரை முறைத்தான்.

அவர் பின்னால் சாய்ந்துகொண்டார்.

"பாருங்க" என்றாள் சுபாஸ்ரீ. "மகன் அங்க தவிக்கிறான். இந்த மனுஷன் பைக்குள்ள கையை விட்டுக்கிட்டு ஜம்முனு உக்காந்திருக்காரு."

கிரஹாம் கோப்பை மூடினார்.

"படம் அழகு. ஆனால் இந்த மனிதனோடு நீங்கள் ஒரு நாள்கூட வாழவில்லை."

தினேஷின் பெயரை அறிவித்தார்கள்.

காரில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பாரடைஸ் சிக்னலில் நின்றபோது இவான் ஸ்டியரிங்கைக் குத்தினான்.

"ஒரே ஒரு கேள்வி! எதுக்குக் கேக்கணும் அதை? வரையறவன் எவன் அதையெல்லாம் யோசிப்பான்?"

"இவான்... அது வந்து..." பின்சீட்டிலிருந்து தியோடர் ஆரம்பித்தார்.

"நக்கோ டாடி, வேணாம். இப்ப எதுவும் பேசாதீங்க."

பக்கத்தில் இருந்த அவன் மனைவி ஜெனிட்டா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் அவனே பேசினான்.

"ஒண்ணு மட்டும் நல்லதாப் போச்சு. காலையில நான் சொன்ன மாதிரியே கடைசி வரைக்கும் கையை வெளிய எடுக்கல நீங்க. எடுத்திருந்தீங்கன்னா, வீட்டுல இருக்கறதைப் பாத்துக் காப்பியடிச்சேன்னு அந்தக் கெட்ட பேரும் சேந்திருக்கும்."

"ஹவ், ஆமா" என்றார் தியோடர்.

வீடு வந்ததும் இவான் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

தியோடர் தன் அறையில், மனைவி பேபியின் படத்துக்குக் கீழே கட்டிலில் உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றினார். ட்யூப்லைட் வெளிச்சத்தில் அந்த வலது கை மஞ்சளாக மின்னியது. முப்பது வருஷத்துக்கு முன்னால், மில்லில் கை போன பிறகு, சைக்கிள் பிரேக் கம்பியும் பித்தளைத் தகடும் வாங்கி அவரே தட்டிச் செய்தது.

தினமும் பேபிதான் அதைக் கழற்றி விடுவாள். பேபி போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது.

தியோடர் தலையைக் குனிந்து, வாரின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்தார். இடது கட்டை விரலால் முள்ளைத் தள்ளினார்.

கை கழன்று மடியில் விழுந்தது.