கரையில நிறுத்துடா!

கனடாவிலிருந்து வீடியோவில் பேசிய மகன் பிரசாத் சொன்னதைக் கேட்டு, செந்துறையில் வேணி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுப்பும் படுக்கையும் உள்ள கேரவனை, உறைந்துபோன ஏரியின் நடுவே கொண்டுபோய் நிறுத்தி, ரெண்டு நாள் தங்கப் போகிறானாம்!

"துளை போட்டுப் பாத்துட்டேம்மா. ஐஸ் ஒரு முழம் கெட்டியா இருக்கு."

"உன் முழமா, என் முழமா?"

"இங்க எல்லாரும் நிறுத்துறாங்கம்மா."

"எல்லாரும் சேந்து முழுகினா மூச்சு முட்டாதா? ஏரிங்கிறது தண்ணி இருக்கிற எடம்டா. அங்க போயி எவனாச்சும் குடித்தனம் பண்ணுவானா? கரையில மேடு பாத்து, ஜல்லி கொட்டி, திமிசு போட்டு இடிச்சு இறுக்கி, அதுமேல நிறுத்து!"

"கரையில ஜல்லித் தளம் இருக்கும்மா. ஆனா..."

"ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல. நிறுத்துற வரைக்கும் நான் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்."

ஜல்லித் தளத்தில் வண்டியை நிறுத்திக் காட்டிய பிறகுதான் அவனை விட்டாள்.

போனை இடுப்பில் செருகிக்கொண்டு, கட்டிலிலிருந்து இறங்கினாள் வேணி. முழங்கால்வரை மழைத்தண்ணீர். வாசலில் தீயணைப்புக்காரர்களின் ரப்பர் படகு.

"ஏறுங்கம்மா. ஏரிக்குள்ள வூட்டக் கட்டிக்கிட்டு எங்க உசுர வாங்குறீங்க!"

வேணிக்கு வந்ததே கோபம்.

"எது ஏரி? கரண்ட் இருக்கு, குழாய் இருக்கு, வூட்டுக்கு நம்பர் இருக்கு. தண்ணிதான் தம்பி, வழி தெரியாம இங்க வந்துடுச்சு!"