தூங்கிட்டு வரேன்

கனடாவின் கால்கரியில் இப்போதெல்லாம் பனிக்காலம் வந்தால் ஊரே பெட்டிக்குள் படுத்துத் தூங்கிவிடும். வசந்தத்தில்தான் விழிப்பு. தூங்கும் மாதங்களில் வயதும் ஏறாது. திலகவதிக்கு மட்டும் இதயம் பலவீனம் என்று இந்த வருடம் அனுமதி மறுத்துவிட்டார்கள்.

அவள் கணவர் சபாபதி தோட்டத்து இலைகளை வாரிக் குவித்தார். குழாய் உறைந்துபோகாமல் தண்ணீரை வடித்தார். கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே தூக்கி வைத்தார். இந்தப் பெட்டித் தூக்கம் வருவதற்கு முன்பெல்லாம் புடவைக்கு மேல் அவருடைய கோட்டை மாட்டிக்கொண்டு திலகாவும் வாசலில் பனி அள்ளுவாள். அள்ளியதில் பாதியை அவர் மேல்தான் எறிவாள்.

"வசந்தத்துல நான் கிழவியாயிருப்பேன். நீங்க மைனராட்டம் எந்திரிச்சு வருவீங்க" என்றாள் இப்போது.

சிரித்துக்கொண்டே பெட்டிக்குள் ஒரு காலை வைத்தார். "சரி திலகா, தூங்கறேன்."

"வாயைக் கழுவுங்க! தூங்கிட்டு வரேன்னு சொல்லணும்."

சொல்ல வாயெடுத்தார். 'வரேன்' மட்டும் வரவில்லை. பனிக்காலம் முழுக்க இவள் யாரோடு சண்டை போடுவாள்?

காலை வெளியே எடுத்தார்.

"என்னாச்சுங்க?"

"தூக்கம் வரலை. காபி போடு. ரெண்டு பேரும் சேர்ந்தே கிழடாகலாம்."