மூன்று கேள்விக்குறி, ஐந்து கேள்விக்குறி

அவள் கையெழுத்துப் போடவில்லை.

படிவம் மேசையில் கிடந்தது. காரணம் என்ற கட்டத்தை ஏற்கெனவே தட்டச்சு செய்து நிரப்பியிருந்தார்கள்.

பயனரின் கவனக்குறைவு.

அதன் கீழே சோதனையாளரின் கையெழுத்து. அந்த இடத்தை மட்டும் பெரிய மனதோடு அவளுக்கு விட்டிருந்தார்கள்.

பயனர் என்றால் லூர்துமேரி. மலைமேல் ஒரு சுகாதார நிலையத்தில் செவிலியர். தடுப்பூசிப் பதிவு மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. தன் கணினியில் நிறுவினார். எந்த மொழி என்று கேட்டதற்குத் தமிழ் என்றார். அவர் செய்த தவறு அது ஒன்றுதான்.

நிறுவி முடிக்க ஐந்து திரைகள். நான்கில் வலது பக்கம் இருப்பது 'அடுத்து'.

ஐந்தாவதில் ஒரு கேள்வி. பழைய பதிவுகளை வைத்துக்கொள்ளவா? இடது பக்கம் 'ஆம்'. வலது பக்கம் 'இல்லை'.

லூர்துமேரியின் திரையில் இவை எதுவும் இல்லை. கேள்வி முழுக்கக் கேள்விக்குறிகள். இடது பொத்தானில் மூன்று. வலது பொத்தானில் ஐந்து.

அவர் வலதை அழுத்தினார்.

நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள். யாருக்கு எந்த ஊசி போட்டாயிற்று, யாருக்கு இன்னும் போடவில்லை, எல்லாம் போயிற்று.

லூர்துமேரிக்கு மெமோ வந்துவிட்டது. இந்தப் படிவமும் சுகாதாரத் துறைக்குப் போய்ச் சேர்ந்தால் வேலையும் போகும்.

காலையில் அவரே தொலைபேசியில் அழைத்தார். அழுவார் என்று பயந்திருந்தாள். அழவில்லை.

"எப்பவும் அமுத்தற எடத்துலதாங்க அமுத்துனேன்," என்றார்.

அவளும் அங்கேதான் அழுத்தியிருந்தாள்.

மென்பொருளின் திரைச் சொற்களுக்கு மொழிக்கு ஒன்றாக எட்டுக் கோப்புகள். ஒவ்வொரு முறையும் பதிப்பு எண்ணை மாற்றி, எல்லா மொழி எழுத்தும் அடங்கும் யுனிகோடில் சேமிக்க வேண்டும். இந்த முறை தமிழ்க் கோப்பை யாரோ பழைய ஆங்கில முறையில் சேமித்துவிட்டார்கள். அந்த முறையில் தமிழுக்கு இடம் கிடையாது. தனக்குத் தெரியாத எழுத்து எங்கே வந்தாலும் அதைத் தூக்கிவிட்டு ஒரு கேள்விக்குறியை உட்கார வைத்துவிடும். கணினிக்குப் புள்ளியும் கொம்பும்கூடத் தனி எழுத்துதான்; அதனால்தான் 'ஆம்' மூன்று, 'இல்லை' ஐந்து.

சேமித்தது யார் என்று தெரியவில்லை. சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தது அவள்.

ஒடியாவும் குஜராத்தியும் இந்தப் பீளமேட்டு அலுவலகத்தில் யாருக்குத் தெரியும்? யாரும் படிப்பதில்லை. பொத்தான் இருக்கும் இடம் கைக்குத் தெரியும். வலது, வலது, வலது. ஏழு மொழிகளை அப்படி முடித்தாள். எட்டாவதாகத் தமிழ் வந்தது. அதையும் ஒடியாவைப் பார்ப்பது போலவே பார்த்தாள்.

சோதனைக் கணினியில் அழிவதற்குக் குழந்தைகள் இல்லை.

மேலாளர் கோதண்டம் வந்து நின்றார்.

"போட்டுக் குடும்மா. காரணத்த மாத்துனா மொதல்ல உம்பேருதான் வரும்."

"வரட்டுங்க சார்."

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். கெட்ட மனிதர் அல்ல. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அந்தம்மா கொஞ்சம் படிச்சுப் பாத்துட்டு அமுத்தியிருக்கலாமில்ல?"

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் முட்டியது.

எதைப் படிப்பது?

சோதனைக் கணினிக்குப் போய் ஆங்கிலக் கோப்பைத் திறந்தாள். எந்த முறையில் சேமித்தாலும் ஆங்கிலத்துக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு மட்டும் எல்லா வீட்டிலும் பாய் விரித்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே கையால் தட்டினாள். ஓர் எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி.

இருபது நிமிடம் ஆயிற்று. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஐந்தாவது திரையில், கேள்வியையே புரட்டிப் போட்டிருக்கலாம். பழைய பதிவுகளை அழித்துவிடவா என்று, பொத்தான்களின் வேலையையும் அதற்கேற்ப மாற்றி. புரட்டாமலும் இருக்கலாம். எது என்று கோதண்டத்திடம் சொல்வதாக இல்லை.

"சார், இத உங்க லேப்டாப்புல ஒருக்கா போட்டுப் பாருங்க."

அவருடைய மடிக்கணினியில் ஒரு மாவட்டத்தின் மாதிரிப் பதிவுகள் இருந்தன. திங்கட்கிழமை சென்னையில் அதிகாரிகளுக்குக் காட்டுவதற்காக இரண்டு மாதம் உட்கார்ந்து தயாரித்தவை. அவருக்கும் அது தெரியும். அவளுக்கும் தெரியும்.

முதல் திரை வந்ததும் சிரித்தார்.

"என்னம்மா வெளையாட்டு இது?"

ஆனாலும் அழுத்தினார். வலது. வலது. வலது. வலது. அவர் கையும் படிக்கவில்லை.

ஐந்தாவது திரை.

கை நின்றது.

சிரிப்பும் நின்றது. சுட்டி வலது பொத்தானுக்குப் போயிற்று. இடதுக்கு வந்தது. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டது.

"கேள்விய மாத்திட்டியா?"

அவள் தன் மேசைக்குப் போய்ப் படிவத்தையும் பேனாவையும் எடுத்தாள்.

"அட, சொல்லும்மா. கேள்வி என்னன்னே தெரியாம எத அமுத்தறது?"

அலுவலகத்தில் இரண்டு மூன்று தலைகள் திரும்பின.

கோதண்டம் சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் படிவத்தை அவர் முன்னால் வைத்தாள். தட்டச்சு செய்திருந்ததை ஒரே கோட்டில் அடித்திருந்தாள். சோதனையாளர் என்ற இடத்தில் முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அவர் பேனாவை எடுத்தார்.

"அப்ப காரணம்னு என்ன எழுதறது?"

"எத அமுத்தறதுன்னு இப்பக் கேட்டீங்களே சார்," என்றாள். "அதையே எழுதுங்க."